டெய்லருக்கு மூச்சு வாங்குகிறது

“டெய்லர் சார், உங்களுக்கு எவ்வளவு?”

பக்கத்துக் கட்டிலிலிருந்து டீச்சர் கேட்டதும் டெய்லருக்குத் திக்கென்றது. வாய் வரைக்கும் வந்துவிட்ட ‘பதினொண்ணு’ என்ற வார்த்தையை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

டயாலிசிஸ் பிரிவில் மாதாந்தர ரத்தப் பரிசோதனை முடிவு வருகிற நாள் அது. சிறுநீரகம் கைவிட்ட உடம்பில் ரத்தம் ஊறுவதும் குறைந்துவிடும். அதனால் ஹீமோகுளோபின் என்கிற அந்த ஒரே ஒரு எண்ணுக்காக அங்கே எல்லோரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளைப் போலக் காத்திருப்பார்கள். பத்துக்கு மேல் இருந்தால் மாடிப்படி ஏறலாம், வேலைவெட்டி பார்க்கலாம், வீட்டில் தெம்பாகச் சண்டை கூடப் போடலாம். இறங்கிவிட்டால் குளிரும், தலை சுற்றும், நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். அப்புறம் ஊசியும் இரும்புச்சத்தும் ஏற்றி ஏற்றித்தான் அந்த எண்ணை மேலே கொண்டுவர வேண்டும்.

டீச்சர் அந்தப் பிரிவுக்குப் புதுசு. ஓய்வு பெறும்வரை அடுத்தவர்களுக்கு மார்க் போட்டே வாழ்ந்தவர். இப்போது தன் மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு ஏழு” என்றார். “என் கிளாஸ்ல யாராவது இப்படி வாங்கியிருந்தா நானே எழுப்பி வெளிய நிக்க வெச்சிருப்பேன்.”

“அதெல்லாம் ஊசி போட்டா ஏறிடும் டீச்சர்.”

“உங்களுக்கெல்லாம் ஏறும். நீங்க எல்லாரும் பாஸ் பண்ணியிருப்பீங்க. நான் ஒருத்திதான் ஃபெயில். போதும் சார். இந்த ஊசி, இந்த மெஷின், இந்தக் குழாய்... அடுத்த தடவை நான் வரப்போறதில்ல.”

டெய்லருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்பது பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுகிற விஷயம் இல்லை. வராதவர்களின் கட்டிலில் சீக்கிரமே வேறு யாராவது படுத்திருப்பார்கள். டெய்லர் அதைப் பார்த்திருக்கிறார். டீச்சரும் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை.

யோசிக்க நேரமில்லை. வாய் தானாகத் திறந்தது.

“நீங்க வேற டீச்சர். எனக்கு ஆறே முக்கால்.”

டீச்சர் விசுக்கென்று திரும்பினார். “என்ன சார் சொல்றீங்க? உங்களுக்கு என்னை விடக் கம்மியா?”

“கம்மிதான். வெளிய சொன்னா வெட்கக்கேடு.”

எதிர்க்கட்டிலில் இருந்த சமையல் மாஸ்டர் வாயைப் பிளந்தார். சற்று முன்புதான் அவரும் டெய்லரும் முடிவைக் காட்டிக்கொண்டு கை தட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டிருந்தார்கள். டெய்லர் கண்ணாலேயே கெஞ்சினார். மாஸ்டருக்கு உடம்புதான் பெரிசே தவிர மூளை மந்தமில்லை. சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஆறரை” என்றார் சோகமாக.

அவருக்கு அடுத்த கட்டிலில், தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தியதால் தபாலம்மா என்று பெயர் வாங்கியிருந்த பெண்மணி, யாரும் கேட்காமலேயே கையைத் தூக்கினார். “எனக்கு ஆறேகால்!”

மாஸ்டர் விடுவதாக இல்லை. “கண்ணாடி போடாம பாத்துட்டேன். எனக்கு ஆறுதான் போட்டிருக்கு.”

ஏலம் கீழ்நோக்கிப் போகிற வேகத்தைப் பார்த்து டெய்லர் பயந்துவிட்டார். இன்னும் ஒரு சுற்று போனால் இவர்களை உயிரோடு இருப்பவர்கள் என்று டீச்சர் நம்பமாட்டார். லொக்கு லொக்கென்று இருமி, ஏலத்தை அங்கேயே முடித்துவைத்தார்.

டீச்சர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் முதலில் அதிர்ச்சி, அப்புறம் இரக்கம், கடைசியில் அடக்க முடியாமல் ஒரு சின்னப் பெருமை.

“அப்போ இந்த ரூம்ல நான்தான் ஃபர்ஸ்ட்டா?”

“சந்தேகமே இல்லாம” என்றார் டெய்லர்.

“அடப் பாவமே! உங்களையெல்லாம் இந்த நிலைமையில விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் டீச்சர். “சிஸ்டர், எனக்கு அந்த ஊசியைப் போடுங்க. இவங்களுக்கும் மறக்காம போடுங்க.”

அன்று டெய்லர் வீட்டுக்குப் போகும்போது தரையில் கால் பாவவில்லை. ஒரே ஒரு பொய், ஒரு உயிர். இதைவிட மலிவாக யாரும் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த தடவை வந்தபோதுதான் அது அவ்வளவு மலிவில்லை என்று தெரிந்தது.

டயாலிசிஸ் பிரிவு இரண்டாவது மாடியில். லிஃப்ட் வழக்கம்போல ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. எப்போதும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிற டெய்லர் அன்றைக்கும் தாவப் போனார். கீழ்ப்படியிலேயே டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

“நில்லுங்க! ஆறே முக்காலை வெச்சுக்கிட்டு இப்படியா ஏறுவாங்க? கையைக் குடுங்க.”

டெய்லர் கையைக் கொடுத்தார். வேறு வழியில்லாமல் மூச்சும் வாங்கினார். “ஹா... ஹா... ஹா...”

பின்னால் வந்த மாஸ்டர் காதோடு சொன்னார், “சார், இது மூச்சு வாங்கற மாதிரி இல்ல. மிளகாயைக் கடிச்ச மாதிரி இருக்கு.”

“நீங்க முதல்ல உங்க நடையைப் பாருங்க. ஆறு வாங்கின ஆள் இப்படியா நெஞ்சை நிமித்திக்கிட்டு வர்றது?”

மாஸ்டர் உடனே தோளைத் தொங்கவிட்டார். தபாலம்மா எதற்கும் இருக்கட்டும் என்று படிக்குப் படி உட்கார்ந்து எழுந்து வந்தார். மேலே போய்ச் சேர்வதற்குள் பக்கத்துப் பிரிவு நோயாளிகளெல்லாம் வழிவிட்டுவிட்டார்கள்.

டீச்சருக்கோ ஒரு வகுப்பே திரும்பக் கிடைத்துவிட்டது. யார் மாத்திரை போட்டார்கள், யார் போடவில்லை என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார். தபாலம்மாவுக்குக் குளிருமே என்று வீட்டிலிருந்து கம்பளி கொண்டுவந்து போர்த்தினார். டெய்லரின் தலையணை சரிந்தால் தன் கட்டிலிலிருந்தே கையை நீட்டிச் சரிசெய்தார். தனக்குப் போடவேண்டிய ஊசியை அவரே நினைவுபடுத்திப் போட்டுக்கொண்டார். வரமாட்டேன் என்ற பேச்சே இல்லை.

டெய்லருக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் முள் மேல் படுத்த மாதிரி இருந்தது. இந்த அன்பெல்லாம் ஆறே முக்கால்காரனுக்கு வந்தது. பதினொன்றுகாரன் அதை நடுவில் புகுந்து திருடிக்கொண்டிருக்கிறான்.

திருடினாலும் ஒழுங்காகத் திருட வேண்டும் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். வாயைக் கொஞ்சமாகத் திறக்கணும், தோள் மட்டும் ஏறி இறங்கணும், பேச்சு நடுநடுவே அறுந்து விழணும். தொழில் தெரிந்தவர் அல்லவா, எதையும் அளவெடுத்துச் செய்துதான் பழக்கம்.

பலன் கைமேல் கிடைத்தது. அதற்கடுத்த வாரம் முதல் மாடித் திருப்பத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. அதுவும் எப்படி! அவர் நினைக்கக்கூட இல்லை, அதுபாட்டுக்கு வந்தது.

மாஸ்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார். “இன்னிக்குப் பிரமாதம் சார். நிஜம் தோத்துப்போகும்.”

“உங்களுக்கு மட்டும் என்ன குறைச்சல்? மூஞ்சியே வெளுத்துப் போச்சே. பவுடரா?”

“பவுடரெல்லாம் இல்ல சார்” என்றார் மாஸ்டர் அடக்கமாக. “மனசுல நினைச்சேன், வந்துடுச்சு.”

படியில் உட்கார்ந்த தபாலம்மா எழுந்திருக்கவே இல்லை. இரண்டு வார்டு பாய்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். இந்தம்மா எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார் போலிருக்கிறதே என்று டெய்லருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மேலே சிஸ்டர் டெய்லரைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார். “என்ன சார், இப்படி இளைக்குது? தண்ணி ஜாஸ்தியா குடிச்சிட்டீங்களா? உடம்புல நீர் சேந்திருக்கும். இன்னிக்கு மெஷின்ல அரை மணி நேரம் கூடுதலா இருங்க.”

டெய்லருக்குப் பகீரென்றது. மெஷினில் ஐந்து நிமிஷம் கூடுதலாக இருப்பதே அவருக்கு ஆயுள் தண்டனை. “வேண்டாம் சிஸ்டர், எனக்கு ஒண்ணுமில்ல, நான் சும்மா...”

“சும்மாவா?” என்றார் பக்கத்துக் கட்டிலிலிருந்து டீச்சர்.

“சும்மா ஒரு அரை மணிதானே, இருந்துட்டுப் போறேன்னு சொல்ல வந்தேன்” என்று முடித்தார் டெய்லர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவருக்கு அரை மணி கூடுதல். புதுசாக வந்தவர் என்பதால் டீச்சருக்கு நேரம் குறைவு. அவர் முடித்துக்கொண்டு, எழுந்து வந்து, டெய்லரின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து துணைக்குப் பேசிக்கொண்டிருப்பார். அந்த நல்ல மனசைப் பார்க்கப் பார்க்க டெய்லருக்கு அழுகையே வரும். அதைப் பலவீனம் என்று டீச்சர் எடுத்துக்கொள்வார்.

இத்தோடு நின்றிருந்தால் தேவலை. ஒருநாள் டீச்சர் டெய்லரின் மனைவிக்குப் போன் போட்டு, “உங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் ஆறே முக்கால்தான் இருக்கு, பாத்துக்கோங்கம்மா” என்று அக்கறையாகச் சொல்லிவைத்தார்.

டெய்லர் கடைக்குப் போனபோது கடை பூட்டியிருந்தது. மனைவி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“பதினொண்ணுன்னு என்கிட்ட சொன்னீங்க. ஆறே முக்காலாமே! கட்டின பொண்டாட்டிகிட்டயே பொய்யா?”

“ஐயோ, உன்கிட்ட சொன்னதுதாண்டி நிஜம். அங்க சொன்னதுதான் பொய்.”

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கண்ணிமைக்காமல் கேட்டாள்.

“அப்போ மாடிப்படியில இளைக்கறது?”

“நடிப்பு.”

“நேத்து பாதி தச்ச சட்டை மேலயே தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டீங்களே, அது?”

“அது... ஒத்திகை பாத்துப் பாத்து அலுப்பு. நடிக்கறது என்ன லேசுப்பட்ட வேலையா?”

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக அவர் சொல்கிற எதையும் அரைவாசிக்கு மேல் நம்பாதவள். இப்போது எந்த அரைவாசியை நம்புவது என்று அவளுக்கே குழப்பம். “நான் பெரிய டாக்டரையே போய்க் கேட்டுக்கறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டெய்லர் பின்னாலேயே ஓடப் பார்த்தார். தெருமுனை வரைகூடப் போக முடியவில்லை. நடிப்பு ஊறிப்போய்விட்டது போலும் என்று நொந்துகொண்டு விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றார்.

மறுநாள் காலை டயாலிசிஸ் பிரிவுக்குள் பெரிய டாக்டரே வந்து நின்றார். மாதத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிறவர் அவர். அவரைக் கண்டதும் மாஸ்டர் எழுந்திருக்கப் போய், முடியாமல் உட்கார்ந்தார். தபாலம்மா கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் காட்டினார். டெய்லர் மூச்சு வாங்கினார்.

டாக்டர் மூன்று பேரின் கண்ணிமையையும் இழுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“டெய்லர் மனைவி வந்து சொன்னாங்க, இங்க எல்லாருக்குமே ரத்தம் இறங்கிடுச்சுன்னு. போன மாச ரிப்போர்ட்ல டீச்சர் தவிர எல்லாருக்கும் நல்லாத்தானே இருந்தது?”

டீச்சர் புரியாமல் டெய்லரைப் பார்த்தார். டெய்லர் கூரையைப் பார்த்தார்.

டாக்டர் சிஸ்டரிடம் திரும்பினார். “ஒருத்தருக்கு இறங்கினா உடம்பு. ஒரே ரூம்ல இத்தனை பேருக்கு இறங்கினா வேற ஏதோ இருக்கு. இந்த மெஷினுக்கு எல்லாம் மொட்டை மாடித் தொட்டியில இருந்து ஃபில்டர் ஆகித்தான் தண்ணி வருது. அது சுத்தமா வரலைன்னா ரத்தத்தையே கெடுத்துடும். யாருக்கும் மெஷின் போடாதீங்க. எல்லாருக்கும் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புங்க, அவசரம்னு சொல்லுங்க. மாடியில தண்ணியையும் சோதிக்கச் சொல்றேன்.”

லேப் பெண் வந்து நான்கு பேருக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள்.

“டாக்டர், தண்ணி சரியில்லைன்னா இந்தப் பிரிவை எத்தனை நாள் மூடி வைப்பீங்க?” என்று கேட்டார் டெய்லர் மெதுவாக.

“தொட்டியைப் பிரிச்சு மாத்தணும்னா மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் எங்கெங்க இடம் இருக்கோ அங்க ஒவ்வொருத்தரா அனுப்ப வேண்டியதுதான். நாலு பேரும் நாலு ஊர் போக வேண்டியிருக்கும்.”

முதலில் பேசியது டீச்சர்.

“நான் எங்கயும் போகமாட்டேன் டாக்டர். இவங்க இருக்காங்கன்னுதான் நான் வர்றேன். தெரியாத ஊர்ல, தெரியாத முகங்களுக்கு நடுவுல படுத்துக்கிட்டு... என்னால முடியாது. இத்தோட விட்டுடறேன்.”

எந்த வார்த்தையைத் தடுக்க டெய்லர் அவ்வளவு பொய் சொன்னாரோ, அதே வார்த்தையை அந்தப் பொய்யே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. இல்லாத வியாதிக்காக ஒரு பிரிவையே மூடப் போகிறார்கள். அதனால் ஒரு உயிர் போகப் போகிறது. வெட்கம் மானமெல்லாம் இனி பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

“டாக்டர், தண்ணியில ஒரு கோளாறும் இல்ல. கோளாறு எல்லாம் என்கிட்டதான்” என்றார். “எனக்குப் பதினொண்ணு. ஆறே முக்கால்னு பொய் சொன்னேன். டீச்சர் மனசு விட்டுட்டாங்க, அவங்களுக்காகச் சொன்னேன். மூச்சு வாங்கினதெல்லாம் நடிப்பு.”

டாக்டரின் கண்கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. “என்னது?”

“எனக்குப் பத்தரை டாக்டர்” என்று தலையைக் குனிந்தார் மாஸ்டர். “அவர் கண்ணைக் காட்டினார், நானும் சேந்துக்கிட்டேன்.”

“எனக்குப் பதினொண்ணரை” என்றார் தபாலம்மா கம்பளிக்குள்ளிருந்து. “எனக்கு யாரும் கண்ணைக் காட்டல. நானாத்தான் சேந்துக்கிட்டேன்.”

டீச்சர் எழுந்தார். மூன்று கட்டில்களையும் வரிசையாகப் பார்த்தார். வகுப்பில் அவர் அப்படிப் பார்த்திருந்தால் பெஞ்சுக்கடியில் ஒளிந்திருப்பார்கள். இங்கே ஒளிய இடமில்லை.

“அப்போ நான்தான் இங்க கடைசி.”

டீச்சர் டெய்லரின் கட்டிலருகே வந்தார்.

“எனக்காகவா சார் மாடிப்படியில அந்த இளைப்பு இளைச்சீங்க? எனக்காகவா ஒவ்வொரு தடவையும் அரை மணி கூடுதலா படுத்துக் கிடந்தீங்க?”

“மன்னிச்சுடுங்க டீச்சர். நீங்க வராம போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன். நிஜமா பயந்துட்டேன்.”

டீச்சருக்கு உதடு துடித்தது. அழப்போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குபீரென்று சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவ்வளவு நாளில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

“மூணு பேரையும் பெஞ்சு மேல ஏத்தணும். என் சர்வீஸ்ல, நிறைய மார்க் வாங்கிட்டுக் கம்மின்னு பொய் சொன்ன பசங்களைப் பாத்ததே இல்ல” என்றார். அப்புறம் டாக்டரைப் பார்த்து, “நான் எங்கயும் போகல டாக்டர். கடைசி மார்க்கா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இங்கயே வர்றேன்” என்றார்.

டெய்லருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறையை எடுத்தாற்போல் இருந்தது.

டாக்டர் தலையில் கைவைத்து அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “முப்பது வருஷ அனுபவத்துல நானே ஏமாந்துட்டேனே! கண்ணிமை கூட வெளுத்துத் தெரிஞ்சதே. இந்த லைட்டை முதல்ல மாத்தணும். உங்களையெல்லாம் என்ன பண்றதுன்னே தெரியல.” கோபப்படப் பார்த்தார், முடியவில்லை. “சரி, வெளிய அடுத்த ஷிஃப்ட் ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. சிஸ்டர், மெஷினைப் போடுங்க.”

எல்லோரும் சிரித்தபடி படுத்தார்கள். சிஸ்டர் டெய்லரின் கையைத் துடைத்து ஊசியை எடுத்தார். டெய்லர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. ‘போதும், ஆட்டம் முடிஞ்சுது, நிறுத்து’ என்று அதனிடம் சொல்லிப் பார்த்தார். அது கேட்கவில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு லேப் பெண் ஓடிவந்தாள். கையில் ரிப்போர்ட், முகத்தில் ஈயாடவில்லை.

“சிஸ்டர், தொடாதீங்க! மாடியில ஃபில்டர் செத்தே போச்சாம், இவ்வளவு நாளும் குளோரின் தண்ணிதான் எல்லாரோட ரத்தத்தையும் உடைச்சிருக்கு — டெய்லர் சார், நீங்க அசையவே கூடாது, டீச்சரை விட உங்களுக்குத்தான் கம்மி!”